தன் பாட்டையே தள்ளிவைக்கும் கம்பெனியைக் கட்டியவர்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவை நிறைய வந்திருக்கும் கே-பாப் ரசிகர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"பார்க் ஜின்-யங்கின் பெருமை பெரிதும் பாடகராகவா, நிர்வாகியாகவா?" என்பது தலைப்பு. கொரியப் பாடகர், ஜே.ஒய்.பி. என்கிற பாட்டுக் கம்பெனியைத் தொடங்கியவர். எனக்கு முன்னால் பேசிய நண்பர் பாடகர் பக்கம் நின்று நன்றாகவே பேசினார். அவர் சொன்னதில் பாதிக்கு மேல் நான் மறுக்கப் போவதில்லை. யோன்செய் பல்கலைக்கழகத்தில் நிலவியல் படித்தவர், 1994-ல் முதல் ஆல்பத்தோடு வந்தார். உள்ளே தெரிகிற வினைல் பேண்ட் போட்டுக்கொண்டு டிவியில் ஆடினார். 2001-ல் வந்த ஆல்பத்தின் வரிகள் ஆபாசம் என்று எதிர்ப்பு கிளம்பியது, அதற்கும் அசரவில்லை. துணிச்சலான பாடகர். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நடுவர் அவர்களே, தொண்ணூறுகளின் கொரியாவில் துணிச்சலான பாடகர்கள் அவர் ஒருவர் மட்டுமா? சியோ தைஜியும் குழுவும் அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1992-லேயே அந்த நாட்டின் பாட்டை மாற்றிவிட்டார்கள். பாடகராக மட்டும் நின்றிருந்தால் பார்க் இன்று அந்தக் காலத்து நட்சத்திரங்களில் ஒருவர், அவ்வளவுதான். நாம் இங்கே உட்கார்ந்து அவரைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்க மாட்டோம்.

"மேடையில் நின்றவர் என்பதால்தான் அவரால் கம்பெனி நடத்த முடிந்தது, ஆகவே எல்லாப் புகழும் பாடகருக்கே" என்று நண்பர் ஒரு போடு போட்டார். அப்படியானால் எஸ்.எம். நிறுவனத்தைத் தொடங்கிய லீ சூ-மான் யார்? எழுபதுகளின் பாடகர். ஒய்.ஜி.யைத் தொடங்கிய யாங் ஹியோன்-சுக் யார்? அதே சியோ தைஜி குழுவில் ஆடியவர். மூன்று பெரிய கம்பெனிகளையும் மேடை ஏறியவர்கள்தான் தொடங்கினார்கள். மேடை அனுபவம் மூவருக்கும் பொது. ஆகவே பார்க்குக்கென்று தனியாக உள்ள பெருமையை வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

நான் அதை 2008-ல் வந்த ஒரு வீடியோவில் இருந்து தொடங்குகிறேன். அவர் கம்பெனியின் பெண்கள் குழுவான ஒண்டர் கேர்ள்ஸின் 'நோபடி'. பாட்டு எல்லோருக்கும் தெரியும். அதன் தொடக்கத்தை எத்தனை பேர் கவனித்திருப்பீர்கள் என்று தெரியவில்லை. பழைய காலத்து மேடை. நடுவில் நாயகனாகப் பார்க் ஜின்-யங். பின்பாட்டு பாடுகிற பெண்களாக ஒண்டர் கேர்ள்ஸ். நிகழ்ச்சிக்குச் சற்று முன் நாயகன் கழிவறைக்குப் போகிறார். உள்ளே காகிதம் தீர்ந்துபோயிருக்கிறது. வெளியே வர வழியில்லை. அங்கே நிகழ்ச்சி தொடங்கியாக வேண்டும். வேறு வழியில்லாமல் பின்பாட்டுப் பெண்கள் முன்னால் வருகிறார்கள், அவருடைய பாட்டைப் பாடுகிறார்கள், அரங்கம் அவர்களுக்கே கை தட்டுகிறது. அப்போது அவருக்கு முப்பத்தாறு வயது. ஆடவும் பாடவும் உடம்பில் தெம்பு இருந்தது. அந்தப் பாட்டை எழுதியவரும் அவரே. அப்படிப்பட்டவர் தன்னைக் கழிவறையில் பூட்டிவைத்துவிட்டு மேடையை அந்தப் பெண்களுக்குக் கொடுக்கிறார். பாடகர் என்கிற ஆசை மட்டும் உள்ளவருக்கு அந்தக் காட்சி தோன்றியிருக்குமா?

அது ஒரு நாள் வந்த எண்ணமும் இல்லை. 1997-ல் கம்பெனி தொடங்கியதிலிருந்தே அந்தப் பழக்கம் இருக்கிறது. 1999-ல் ஜி.ஓ.டி. குழுவின் முதல் பாட்டுக்கு வரி எழுதினார். ஏழைத் தாய் ஒருத்தி, இருக்கிற ஒரு கிண்ணம் நூடுல்ஸைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, தனக்கு அது பிடிக்காது என்று சொல்கிற பாட்டு. மேடையில் காதலையும் மோகத்தையும் பாடிக்கொண்டிருந்தவர், கொரியாவையே அழவைத்த பாட்டை அதுவரை பெயர் தெரியாத ஐந்து பையன்களின் வாயில் வைத்தார். தோற்றத்தைக் காரணம் காட்டிப் பலரும் திருப்பி அனுப்பிய ஒரு பையனை எடுத்து 2002-ல் ரெய்ன் என்ற பாடகர் ஆக்கினார். லீ சூ-மானின் கம்பெனி தன்னைப் பாடகராக எடுத்துக்கொள்ளவில்லை என்று பார்க்கே சொல்லியிருக்கிறார். கதவு சாத்தப்படுவது எப்படி இருக்கும் என்று தெரிந்தவர் கதவு திறக்கிற இடத்துக்கு வந்து உட்கார்ந்தார்.

சரி, எதிரணியின் பலமான அடிக்கு வருகிறேன். "அமெரிக்காவில் என்ன ஆயிற்று?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. 2009-ல் ஒண்டர் கேர்ள்ஸை அமெரிக்காவுக்குக் கூட்டிப்போனார். ஜோனாஸ் பிரதர்ஸ் சுற்றுப்பயணத்தில் முதலில் பாடுகிற குழுவாக நிறுத்தினார். சிறுமிகளுக்கான துணிக்கடைகளில் சிடியை மலிவு விலைக்கு வைத்து விற்றார்கள். அந்த அக்டோபரில் 'நோபடி' அமெரிக்காவின் பாட்டுத் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 76-ம் இடத்தில் நுழைந்தது. எந்தக் கொரியக் குழுவும் அதுவரை எட்டாத இடம். ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரிது. சொந்த நாட்டில் முதல் இடத்தில் இருந்த குழு, ஊரில் இல்லாமலே அந்த இடத்தை இழந்தது. அந்தக் குழுவில் ஒருவரான சன்மி 2010-ல் விலகினார். அதே காலத்தில் கம்பெனியின் இன்னொரு குழுவான 2பிஎம்-இன் ஜே பார்க் எப்போதோ இணையத்தில் எழுதியது பெரிய சர்ச்சையாகி அவர் குழுவை விட்டுப் போனார். கம்பெனி அதைக் கையாண்ட விதம் இன்றைக்கும் பல ரசிகர்களுக்கு ஆறாத காயம்.

இதையெல்லாம் நான் மூடி மறைக்க மாட்டேன். மாறாக, என் கட்சிக்குச் சாட்சியாகவே வைக்கிறேன். பாடகர் தப்பு செய்தால் ஒரு ஆல்பம் படுத்துவிடும். நிர்வாகி தப்பு செய்தால் ஐந்து பெண்களின் இளமையில் சில வருஷங்கள் போய்விடும். எந்த வேலையில் தவறுக்கு இவ்வளவு விலை உண்டோ, அந்த வேலையில் ஒருவர் என்ன கற்றுக்கொண்டார் என்பதை வைத்துத்தான் அவரை எடைபோட வேண்டும்.

அவர் என்ன கற்றுக்கொண்டார்? தன் காதை மட்டும் நம்பி ஒரு கம்பெனி ஓடக் கூடாது என்று கற்றுக்கொண்டார். பாட்டைத் தேர்ந்தெடுக்கக் கம்பெனிக்குள் ஒரு குழு வந்தது. முதலாளி எழுதிய பாட்டும் அதன் முன்னால் போயாக வேண்டும். தன் பாட்டு தள்ளப்பட்டதை அவரே வெளியே சொல்லியிருக்கிறார். 2015-ல் வந்த, அவர் கம்பெனியின் பெண்கள் குழுவான ட்வைஸின் முதல் மூன்று பெரிய பாட்டுகளையும் பாருங்கள்: 'லைக் ஊ-ஆ', 'சியர் அப்', 'டிடி'. மூன்றும் பிளாக் ஐட் பில்சங் என்ற இசையமைப்பாளர்கள் செய்தவை. தன் பெயரைத் தாங்கிய கம்பெனியில், தன் பெயர் இல்லாத பாட்டுகளால் ஒரு குழு உச்சிக்குப் போவதை அவர் தாங்கிக்கொண்டார். தனக்குப் பொருந்திய இடம் வந்தபோது எழுதவும் செய்தார். 'வாட் இஸ் லவ்', 'ஃபீல் ஸ்பெஷல்' இரண்டும் அவர் எழுதியவைதான்.

முடிவை மாற்றிக்கொள்ளவும் அவர் கூச்சப்படவில்லை. ட்வைஸைத் தேர்ந்தெடுத்த நிகழ்ச்சியில் மோமோ என்ற பெண் வெளியேற்றப்பட்டார். கடைசி நாளில் அவரைத் திரும்பச் சேர்த்தார். அதற்காக அன்று வாங்கிய திட்டு கொஞ்சமல்ல. 2017-ல் ஸ்ட்ரே கிட்ஸ் என்ற பையன்கள் குழுவைத் தேர்ந்தெடுத்த நிகழ்ச்சியில் லீ நோவையும் ஃபெலிக்ஸையும் அனுப்பிவிட்டார். அப்புறம் இருவரையுமே திரும்ப எடுத்தார். அந்தக் குழுவின் 'காட்ஸ் மெனு' பாட்டில் அடிவயிற்றிலிருந்து வருகிற அந்தக் குரல் யாருடையது என்று இங்கே இருக்கிற பிள்ளைகளைக் கேளுங்கள், நடுவர் அவர்களே. வெளியே அனுப்பப்பட்ட ஃபெலிக்ஸின் குரல்தான்!

அந்தக் குழுவின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்ட்ரே கிட்ஸின் பாட்டுகளைப் பெரும்பாலும் குழுவுக்குள்ளேயே மூன்று பேர், பாங் சான், சாங்பின், ஹான், சேர்ந்து செய்கிறார்கள். முதலாளி ஒரு பாட்டாசிரியர். நூற்றுக்கணக்கான பாட்டுகள் எழுதியவர். அவருக்குக் கை துறுதுறுக்காமலா இருந்திருக்கும்? ஆனாலும் விட்டுக்கொடுத்தார். 2022 முதல் 2024 வரை அமெரிக்க ஆல்பங்களுக்கான பில்போர்டு 200 பட்டியலில் அவர்கள் நுழைந்த முதல் ஆறு ஆல்பங்களும் நேராக முதலிடத்தில் போய் அமர்ந்தன. அந்தப் பட்டியலில் இப்படித் தொடங்கிய கலைஞர்கள் வேறு யாரும் இல்லை. 2009-ல் அவர் தானே முன்னால் நின்று தட்டிய அமெரிக்கக் கதவு, அவர் ஒதுங்கி நின்றபோது திறந்தது.

ஒரு விளக்கம். நிர்வாகி என்றதும் கணக்குப் புத்தகத்தைப் புரட்டுகிற ஆள் என்று எதிரணி வரைந்து காட்டியது. அந்தக் கம்பெனியின் சிஇஓ வேறொருவர். பார்க்கின் பொறுப்பு படைப்புப் பக்கம். ஒவ்வொரு குழுவுக்கும் விளம்பரம், மேனேஜ்மெண்ட் எல்லாம் கொண்ட தனிப் பிரிவு என்று அமைப்பையே பிரித்ததும், சாப்பாட்டுக்கூடத்தில் இயற்கை விளைபொருள் சாப்பாடு போட்டதும் கொரியத் தொழில்துறையே பேசிய விஷயங்கள். 2018-ல் கம்பெனியின் சந்தை மதிப்பு ஒரு லட்சம் கோடி வொன்னைத் தாண்டியது. 2025 செப்டம்பரில் கொரிய அதிபர் லீ ஜே-மியங், வெகுஜனக் கலாச்சாரப் பரிமாற்றத்துக்கான அரசுக் குழுவுக்கு இணைத் தலைவராக அவரை நியமித்தார். அந்தப் பொறுப்புக்கு அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது வினைல் பேண்ட் ஆட்டமா, கால் நூற்றாண்டுக்கு மேல் புதியவர்களை வளர்த்த அனுபவமா?

கடைசியாக, "அறுபது வயதிலும் ஆடுவேன் என்று அவரே சொல்கிறாரே, அவருக்கே பாடகர் என்பதில்தானே பெருமை?" என்றார்கள். ஆடட்டும். நானும் டிக்கெட் வாங்கிப் போவேன். 2020-ல் 'வென் வீ டிஸ்கோ' வந்தபோது எத்தனை முறை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. அதில் அவரோடு பாடியவர் யார்? பத்து வருஷம் முன்பு குழுவை விட்டுப் போன அதே சன்மி. அப்போது அவர் வேறு கம்பெனியில் இருந்தார். பழைய முதலாளி கூப்பிட்டதும் வந்து பாடினார். ஒரு நிர்வாகிக்கு இதைவிட நல்ல சான்றிதழ் எங்கே கிடைக்கும்?

நடுவர் அவர்களே, பாடகருக்கு என் கைதட்டல் உண்டு. தீர்ப்பை மட்டும் நிர்வாகிக்குத் தாருங்கள். நன்றி, வணக்கம்.