லாயிட்ஸ் சாலைக் கற்கள்

நேயர்களுக்கு வணக்கம். சென்னை யூதர்களின் பழைய கல்லறைக் கற்களைப் படிப்பதும் பேணுவதும் பற்றி இன்று சொல்கிறேன்.

சென்னை மண்ணடியில் பவளக்காரத் தெரு இருக்கிறது. மத்தியதரைக் கடல் பவளத்தைக் கொண்டுவந்து விற்று, கோல்கொண்டா வைரத்தை வாங்கிப்போன யூத வணிகர்களின் வாடை அந்தப் பெயரில் இன்னும் இருக்கிறது. 1688-இல் மதராஸ் மாநகராட்சி அமைந்தபோது ஆல்டர்மேன்களில், அதாவது மாநகராட்சியின் மூத்த உறுப்பினர்களில், மூவர் யூதர்கள். அதற்கு முந்தைய ஆண்டு காலமான வைர வணிகர் ஜாக் டி பைவாவும் இந்த ஊர் மண்ணிலேயே அடக்கமானார்.

அவர்களுடைய இடுகாடு முதலில் தங்கசாலைப் பக்கம் இருந்தது. இருமுறை இடம் மாறி, 1983-இல் லாயிட்ஸ் சாலைக்கு வந்தது. அடக்கம் செய்யப்பட்டவரை அசைக்கக் கூடாது என்பது யூத மரபு. நகரம் அதைக் கேட்கவில்லை. இப்படிப் பெயர்ந்து வந்த கல்லறைக் கல்லை, நிற்கும் இடத்தை வைத்து இன்னாருடையது என்று சொல்ல முடியாது. எழுத்து ஒன்றுதான் சாட்சி. அது தேய்ந்தால் ஆளே இல்லை.

கல்லில் இறந்த ஆண்டும் எபிரேய எழுத்தில்தான், யூத நாட்காட்டிப்படி இருக்கும். எபிரேயத்தில் எழுத்தே எண். தாவ் 400, மேம் 40, ஸாயின் 7, கூட்டினால் 447. ஆயிரத்தை எழுதாமல் விடுவது வழக்கம், ஆகவே இது யூத ஆண்டு 5447. நம் ஆங்கில ஆண்டு வேண்டுமென்றால் 447-உடன் 1240 சேர்த்தால் 1687. யூத ஆண்டு இலையுதிர் காலத்தில் பிறக்கிறது. ஆகவே யூத ஆண்டு பிறந்ததிலிருந்து டிசம்பர் முடிவதற்குள் இறந்தவருக்கு 1239 சேர்க்க வேண்டும். இந்த ஒன்றை மறந்துதான் பலர் ஆண்டைத் தவறாகக் குறிக்கிறார்கள்.

எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸோ மாவோ தேய்க்காதீர்கள். ஒரு கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டுப் படம் எடுங்கள். பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும்.

கழுவுமுன் விரலால் தட்டிப் பாருங்கள். பொத்தென்று ஒலித்தால் மேல்தோல் விட்டிருக்கிறது, தொடாதீர்கள். உறுதியான கல்லை நன்றாக நனைத்து, மென்மையான தூரிகையால் கீழிருந்து மேலாகத் தேயுங்கள். மேலிருந்து தொடங்கினால் அழுக்குநீர் காய்ந்த பரப்பில் கோடாக இறங்கிக் கறை பிடிக்கும். ஆசிட் பளிங்கை அரிக்கும். பிளீச்சிங் பவுடரின் உப்பு கல்லுக்குள் புகுந்து, காயும்போது படிகமாகி, மேற்பரப்பைச் செதில் செதிலாக உதிர்க்கும். பளிச்சென்று ஆக்கத்தான் வேண்டுமா என்ன?

விரிசலில் சிமெண்ட் பூசுவது இன்னொரு வம்பு. அது ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு போதும். அரசங்கன்று முளைத்திருந்தால் பிடுங்காமல் அடியோடு வெட்டுங்கள். பிடுங்கினால் வேரோடு கல்லும் பிளந்துவரும்.

கல்லின் தலையில் கூழாங்கற்கள் இருந்தால் பெருக்கித் தள்ளிவிடாதீர்கள். வந்து பார்த்தவர்கள் பூவுக்குப் பதிலாக வைத்துப்போனவை அவை.