பொறுப்புக்குப் பக்கத்தில் ஒரு தேதி

(கடலூர் மஞ்சக்குப்பத்தில், பல கட்சிகளின் கிளை, ஒன்றிய, மாவட்ட நிர்வாகிகள் கலந்துகொண்ட அமர்வு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

அவைத்தலைவர் அவர்களே, பிழைப்பை ஒருநாள் ஒதுக்கிவைத்துவிட்டு வந்து அமர்ந்திருக்கும் நிர்வாகிகளே, அனைவருக்கும் வணக்கம்.

கட்சியின் நிர்வாகக் குழுவில் ஒரு பொறுப்பு எதிர்பாராமல் காலியானால் அதை எப்படி நிரப்புவது என்பதுதான் எனக்குத் தரப்பட்ட பொருள். கைதட்டல் வாங்கித் தரும் தலைப்பு இதுவல்ல. ஆனாலும், விதிப் புத்தகத்தில் நாம் யாரும் படிக்காத பக்கம் இதுதான் என்பதையும், ஒருநாள் இரவோடு இரவாகத் தேடி எடுத்துப் படிக்க நேரும் பக்கமும் இதுதான் என்பதையும் நான் பட்டுத் தெரிந்துகொண்டவன் என்பதால் ஒப்புக்கொண்டேன்.

2011 டிசம்பரில் நான் ஒரு கட்சியின் மாவட்டத் துணைச் செயலாளராக இருந்தேன். எந்தக் கட்சி என்பது இங்கே வேண்டாம். அந்த மாதத்தின் நடுவில் எங்கள் மாவட்டப் பொருளாளர் மாரடைப்பால் காலமானார். இரங்கல் கூட்டம் நடத்தினோம், படம் திறந்தோம், அவரைப் பற்றி மணிக்கணக்கில் பேசினோம். அவர் இடத்துக்கு யார் என்ற பேச்சை எடுக்க எவருக்கும் மனம் வரவில்லை. "அண்ணனுக்குக் காரியம் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றார் மாவட்டச் செயலாளர். நாங்களும் தலையாட்டினோம். டிசம்பர் 30 காலையில் 'தானே' என்ற புயல் கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. கூரை இல்லாத வீடுகளில் சனங்கள் ஈரத் துணியோடு நின்றார்கள். கட்சியின் வங்கிக் கணக்கில் பணம் இருந்தது. செயலாளரும் பொருளாளரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் அந்தக் கணக்கிலிருந்து பணம் வரும்.

வங்கி மேலாளர் மரியாதையாகவே பேசினார். புதிய பொருளாளரைத் தேர்ந்தெடுத்த தீர்மானத்தின் நகலும் அவருடைய அடையாளச் சான்றும் இல்லாமல் தம்மால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். தீர்மானம் போட மாவட்டக் குழு கூட வேண்டும். கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை, சேர வேண்டும். மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை, உறுப்பினர்களில் பாதிப் பேர் தத்தம் வீட்டு ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அன்று மாலை அலுவலக பீரோவைத் திறந்து பார்த்தபோது, காசோலைப் புத்தகத்தில் ஐந்து தாள்களில் பொருளாளர் முன்கூட்டியே கையெழுத்திட்டு வைத்திருந்தது தெரிந்தது. வெளியூர் போகும் நாள்களில் வேலை நிற்கக் கூடாது என்று அவர் செய்துவைத்த ஏற்பாடு அது. "அண்ணன் நமக்காகவே போட்டுவிட்டுப் போயிருக்கிறார்" என்று ஒருவர் சொன்னார். அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் அந்தச் சொல் எல்லோருக்கும் நியாயமாகவே பட்டது. எனக்கும் பட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை. மாவட்டச் செயலாளர் ஒன்றும் பேசாமல் பேனாவை எடுத்து, ஐந்து தாள்களிலும் குறுக்கே கோடிழுத்து "ரத்து" என்று எழுதினார். பிறகு தம் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துத் திருப்பாதிரிப்புலியூரில் தார்ப்பாய் வாங்கினார். கணக்கில் இருந்த பணம் எங்கள் கைக்கு வந்தது பிப்ரவரியில்.

அவருடைய நேர்மையைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. துக்கத்துக்கு மரியாதை என்று நினைத்து நாங்கள் தள்ளிப்போட்ட இரண்டு வாரங்கள்தான் அவரை அடகுக் கடை வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தின. இரங்கல் தீர்மானம் போட்ட அதே கூட்டத்திலேயே, அடுத்த கூட்டத்தின் தேதியைக் குறித்து, அதுவரைக்கும் கையெழுத்திட ஒருவரைப் பெயர் சொல்லி நியமித்திருந்தால் இறந்தவருக்கு எந்தக் குறையும் வந்திருக்காது.

பெரிய கட்சிகளிலும் இந்தச் சங்கடம் இருக்கத்தான் செய்கிறது. காங்கிரஸ் கட்சியின் விதிகளில், தலைவர் மறைந்தாலோ விலகினாலோ மூத்த பொதுச்செயலாளர் அன்றாட அலுவல்களைக் கவனிப்பார் என்றும், காரியக் கமிட்டி ஒருவரைத் தற்காலிகத் தலைவராக நியமிக்கும் என்றும், முறையான தலைவர் தேர்ந்தெடுக்கப்படும் வரை அவர் இருப்பார் என்றும் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. குறைசொல்ல முடியாத ஏற்பாடு. ஆனால் 2019இல் ராகுல் காந்தி விலகி, ஆகஸ்ட் மாதத்தில் சோனியா காந்தி இடைக்காலத் தலைவரான பிறகு, மல்லிகார்ஜுன கார்கே தேர்தலில் வென்று தலைவரானது 2022 அக்டோபரில். இடைக்காலம் என்ற சொல் மூன்று ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. இதற்கு நேர்மாறாக, மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர் சீதாராம் யெச்சூரி 2024 செப்டம்பர் 12 அன்று மறைந்தபோது, அந்த மாதமே மத்தியக் குழு கூடி, 2025 ஏப்ரலில் மதுரையில் நடக்கவிருந்த அகில இந்திய மாநாடு வரைக்கும் பிரகாஷ் காரத் ஒருங்கிணைப்பாளராக இருப்பார் என்று முடிவு செய்தது. மாநாட்டில் எம்.ஏ. பேபி பொதுச்செயலாளரானார். அந்தக் கட்சியின் கொள்கையோடு உங்களுக்கு ஆயிரம் மாறுபாடு இருக்கலாம்; "இதுவரைக்கும்தான்" என்று அன்றைக்கே சொன்னார்களே, அதை மட்டும் கவனிக்கச் சொல்கிறேன்.

ஒரு காலியிடம் இன்னொரு காலியிடத்தை உண்டாக்குவதும் உண்டு. 2020 மார்ச் 7 அன்று பேராசிரியர் க. அன்பழகன் மறைந்தபோது, 1977 முதல் அவர் வகித்துவந்த தி.மு.க. பொதுச்செயலாளர் பொறுப்பு காலியானது. அதற்குப் போட்டியிடுவதற்காகத் துரைமுருகன் பொருளாளர் பொறுப்பிலிருந்து விலகினார். கொரோனா ஊரடங்கால் பொதுக்குழு தள்ளிப்போகவே, தேர்தல் நடக்கும் வரை அவரே பொருளாளராகத் தொடர்வார் என்று ஜூன் மாதத்தில் அறிவிக்க வேண்டியதாயிற்று. செப்டம்பர் 9 அன்று காணொலி வழியே கூடிய பொதுக்குழுவில்தான் அவர் பொதுச்செயலாளராகவும் டி.ஆர். பாலு பொருளாளராகவும் அறிவிக்கப்பட்டனர். ஒரு பொறுப்பில் இருப்பவர் வேறொரு பொறுப்புக்கு நின்றால், வென்ற பிறகு விலகினால் போதுமா, நிற்பதற்கு முன்பே விலக வேண்டுமா என்பதை உங்கள் விதியில் எழுதிவையுங்கள்.

எல்லாவற்றையும்விடச் சிக்கலானது, கூட்டத்தைக் கூட்ட வேண்டியவரின் இடமே காலியாகிவிடும் நிலை. நிரப்பும் அதிகாரம் பொதுக்குழுவுக்கு, பொதுக்குழுவைக் கூட்டும் அதிகாரம் பொதுச்செயலாளருக்கு, அவரோ இல்லை. அ.தி.மு.க.வில் ஜெயலலிதா 2016 டிசம்பர் 5 அன்று மறைந்த பிறகு, அம்மாதம் 29 அன்று சசிகலா பொதுச்செயலாளர் பொறுப்புக்கு நியமிக்கப்பட்டதும், 2017 செப்டம்பரில் ஒருங்கிணைப்பாளர் பதவிகள் உருவானதும், 2022 ஜூலை 11 பொதுக்குழுவில் எடப்பாடி பழனிசாமி இடைக்காலப் பொதுச்செயலாளரானதும் நீங்கள் அறிந்தவை. ஜூலை பொதுக்குழுவைக் கூட்டும் அதிகாரம் யாருக்கு இருந்தது என்பதே அன்றைய வழக்கின் மையக் கேள்விகளில் ஒன்றாக இருந்தது. 2023 பிப்ரவரி 23 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. மார்ச் 28 அன்று பழனிசாமி பொதுச்செயலாளரானார். யார் பக்கம் நியாயம் என்று பேச நான் இங்கே வரவில்லை. அந்தக் காலியிடத் தகராற்றின் ஊடே, 2017 மார்ச்சில் இரட்டை இலைச் சின்னமே முடக்கப்பட்டது என்பதை நினைவூட்டுகிறேன். சின்னத் தகராறு வரும்போது அமைப்பில் பெரும்பான்மை யாருக்கு என்று தேர்தல் ஆணையம் எண்ணிப் பார்க்கிறது. எண்ணப்படும் அந்த நிர்வாகிகள் முறையாக வந்தவர்களா என்ற கேள்வி அப்போது எழாமல் இருக்காது.

ஆகவே, கூட்டத்தைக் கூட்ட வேண்டியவர் இல்லாத நிலையில் மொத்த உறுப்பினர்களில் இத்தனை பேர் கையெழுத்திட்டுக் கூட்டத்தைக் கூட்டலாம் என்று ஒரு வரி உங்கள் விதியில் இருக்க வேண்டும். அறிவிப்பில் "இதர விஷயங்கள்" என்ற தலைப்புக்குள் தேர்தலை ஒளித்துவைக்காதீர்கள். காலியான பொறுப்பின் பெயரைப் பொருள்நிரலில் வெளிப்படையாக எழுதுங்கள். தேர்ந்தெடுக்கப்படுபவருக்கு எஞ்சிய காலம் மட்டுந்தானா, புதிதாக முழுக்காலமா என்பதையும் எழுதுங்கள். எஞ்சிய காலம் மட்டும் என்பதே என் கருத்து. ஒருவர் இறந்ததால் மற்றொருவருக்குக் காலம் கூடுவது முறையாகத் தெரியவில்லை. கூட்டத்துக்குத் தலைமை ஏற்பவரே வேட்பாளராக இருந்தால் அந்த ஒரு பொருள் முடியும் வரை எழுந்து கீழே வந்து உட்கார வேண்டும். நம் ஊர்க் கூட்டங்களில் "அண்ணன் சொன்னால் சரி" என்று ஏகமனதாக முடிப்பது வழக்கம். ஒரே பெயர் வந்தாலும் முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வங்கி கேட்கப்போவது அந்த நகலைத்தான்.

வேலை அத்தோடு முடிந்துவிடாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29அ பிரிவின்படி, பதிவுபெற்ற கட்சி தன் நிர்வாகிகள் மாறினால் அதைத் தாமதமின்றித் தேர்தல் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடைகளின் ஆண்டு அறிக்கையைத் தயாரிக்க வேண்டியவர் பொருளாளர் அல்லது கட்சி அதிகாரம் அளித்த வேறொருவர் என்று அதே சட்டம் சொல்கிறது. இவை தலைமையகத்தின் கவலை என்று மாவட்டங்கள் இருந்துவிட முடியாது. கீழே ரசீதுப் புத்தகம் யார் கையில் என்று தெரியாவிட்டால் மேலே அறிக்கையில் எதை எழுதுவது?

புயலுக்குப் பிறகு எங்கள் மாவட்டக் குழு கூடியபோது ஒரு திருத்தத்தை நான் முன்மொழிந்தேன்: எந்தப் பொறுப்பு காலியானாலும் மூன்று நாளுக்குள் ஒருவர் தற்காலிகமாகப் பொறுப்பேற்க வேண்டும், 45 நாளுக்குள் தேர்தல் நடக்க வேண்டும், தவறினால் 46ஆம் நாள் அந்தத் தற்காலிகப் பொறுப்பாளர் தம் பொறுப்பைத் தானாக இழப்பார். மாலை வரை விவாதித்தார்கள். 45 என்பது 60 ஆயிற்று. தானாக இழக்கும் வரியை நீக்கிவிட்டார்கள். அந்த வரி இல்லாத திருத்தத்தால் பெரிய பயன் இல்லை என்று அன்றைக்கே சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். தேநீருக்குப் பிறகு உங்கள் கட்சிகளின் விதிப் புத்தகங்களைக் கொண்டுவந்து மேசையில் வையுங்கள். அந்த வரி எவற்றில் இருக்கிறது என்று சேர்ந்து தேடிப் பார்ப்போம்.