குளிரில் நிற்கும் கண்

நேயர்களுக்கு வணக்கம். அடுப்பை அணைத்த பிறகு தோசைக்கல்லின் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கைக்குச் சூடு தெரியும். அந்தச் சூட்டைச் சுமந்து வரும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களைப் பார்ப்பதற்கென்றே செய்த கண்தான் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி.

சரி, அகச்சிவப்பு எதற்கு? பிரபஞ்சம் விரிந்துகொண்டே போவதால், வெகுதொலைவிலிருந்து வெகுகாலம் முன்பே கிளம்பிய ஒளியின் அலைநீளம் வரும் வழியிலேயே நீண்டு அகச்சிவப்பாகிவிடுகிறது. ஆதிகால விண்மீன் திரள்களின் அந்த ஒளியைப் பார்க்க அகச்சிவப்புக் கண் வேண்டும்.

இதில் ஒரு சங்கடம். சூடான எந்தப் பொருளும் அகச்சிவப்பை உமிழும். தொலைநோக்கியே சூடாக இருந்தால், கண்ணுக்கு நேரே விளக்கைப் பிடித்துக்கொண்டு வானம் பார்த்த கதைதான். அதனால் வெப்பைப் பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிறுத்தியிருக்கிறார்கள். அங்கிருந்து பார்த்தால் சூரியன், பூமி, நிலா மூன்றும் எப்போதும் ஒரே பக்கம்தான். அந்தப் பக்கம் ஒரு குடை: டென்னிஸ் மைதான அளவு, முடியைப் போல மெல்லிய 5 அடுக்குகள். வெயில் பக்கம் வெந்நீர்ச் சூடு. நிழல் பக்கம் மைனஸ் 230 டிகிரிக்கும் கீழே. எல்லோரும் படங்களைப் பார்த்து வியக்கிறார்கள். எனக்கு இந்தக் குடைதான் பெரிய அதிசயம்.

குடையையும், தங்கம் பூசிய 18 அறுகோணத் துண்டுகளால் ஆன 6.5 மீட்டர் ஆடியையும் மடித்துத்தான் 2021 டிசம்பர் 25 அன்று ஏரியன் 5 ராக்கெட்டில் ஏற்றினார்கள். பெரிய பாகங்களை விரிக்கவே இரண்டு வாரம். ஒன்று பிசகினாலும் எல்லாம் போச்சு என்று சொல்லத்தக்க இடங்கள் 344! பூமிக்குப் பக்கத்திலேயே சுற்றும் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் ஆடியில் பிழை இருந்தபோது 1993இல் விண்வெளி வீரர்கள் போய்ச் சரிசெய்தார்கள். வெப் இருக்கும் தூரத்துக்கு அப்படி யாரை அனுப்புவது?

நல்லவேளை, பிசகவில்லை. 2022 ஜூலையில் முதல் படங்கள் வந்தன. அப்புறம் 2024இல், பிரபஞ்சத்துக்கு 30 கோடி வயதுகூட ஆகாத காலத்து விண்மீன் திரள் ஒன்றை வெப் அளந்து காட்டியது. எதிர்பார்த்ததைவிட அது மிகவும் பிரகாசம். அடுத்த ஆண்டே சிலி நாட்டிலுள்ள ஆல்மா ரேடியோ தொலைநோக்கிகள் அதே திரளில் ஆக்சிஜனைக் கண்டுபிடித்தன. ஆக்சிஜன் விண்மீன்களின் வயிற்றில்தான் உருவாகும். அப்படியென்றால், அதற்கும் முன்பே ஒரு தலைமுறை விண்மீன்கள் பிறந்து, எரிந்து, வெடித்து முடிந்திருக்க வேண்டும். அவ்வளவு சீக்கிரம் எப்படி என்றுதான் விஞ்ஞானிகள் இப்போது மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நன்றி, வணக்கம்.