ஒன்பது மணி மாத்திரை ஏன் தவறுகிறது?

மனச்சிதைவு நோய்க்கு (ஸ்கிசோஃப்ரினியா) மருந்து எடுப்பவர் இரவு ஒன்பது மணி மாத்திரையைப் போடவில்லை. மறுநாள் காலையில் கேட்டால் எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு என்று பிசகாமல் சொல்கிறார். "தெரிந்துகொண்டே போடவில்லை" என்று வீட்டில் கோபம் வருகிறது. மருந்தே வேண்டாம் என்று மறுப்பவர்களும் உண்டுதான். ஆனால் பல நேரம் நடப்பது வேறு: செய்யவேண்டியது மனதில் இருக்கிறது, ஒன்பது மணிக்கு அது மேலே வரவில்லை.

பிறகு செய்யவேண்டியதை உரிய நேரத்தில் நினைக்கும் இந்த ஞாபகத்தை, உளவியலாளர்கள் கில்ஸ் ஐன்ஸ்டீனும் மார்க் மெக்டேனியலும் 1990இல் இரண்டாகப் பிரித்தார்கள். நண்பரைப் பார்த்ததும் செய்தி சொல்வது ஒன்று. அங்கே அவர் முகமே நினைவூட்டிவிடும். குறித்த நேரத்தில் செய்வது மற்றொன்று. அதற்கு வெளியிலிருந்து உதவி கிடையாது. வேலைக்கு நடுவே நாமாகவே கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். நேரம் நெருங்க நெருங்க அடிக்கடி பார்ப்பதுதான் வழக்கம். மனச்சிதைவில் அந்தப் பார்வை குறைந்துவிடுகிறது.

முதுமையிலும் ஆய்வுக்கூடத்தில் இந்த ஞாபகத்தைச் சோதித்தால் மதிப்பெண் இறங்குகிறது. ஆனால் வீட்டில், குறித்த நேரத்துக்கு ஒரு வேலையைச் செய்யச் சொன்னால், பெரியவர்கள் இளைஞர்களையே முந்திவிடுகிறார்கள்! ரெண்டெல், தாம்சன் 1999 ஆய்வு இதைக் காட்டியது. ஒழுங்கான அன்றாடம், தன் மறதியை அறிந்து குறித்துவைக்கும் பழக்கம் ஆகியவை காரணமாக இருக்கலாம். மனச்சிதைவில் அந்த ஈடு தானாக அமைவதில்லை. நாம்தான் அமைத்துத் தர வேண்டும்.

எப்படி? நேரத்தை நிகழ்ச்சியாக மாற்றுங்கள். "மறக்காமல் போடணும்" என்பது பயனற்ற வாக்கியம். "பல் தேய்த்து பிரஷ்ஷை வைத்ததும் மாத்திரைப் பெட்டியைத் திறப்பேன்" என்று அவரே வாய்விட்டுச் சொல்லி, அந்தக் காட்சியைக் கண்மூடி நினைத்துப் பார்க்கட்டும். பெட்டியும் தண்ணீரும் பிரஷ் பக்கத்திலேயே இருக்கட்டும்.

அலாரம் வைத்தால் கைக்கெட்டும் தூரத்தில் வைக்காதீர்கள். படுத்தபடி அணைத்துவிட்டு "இதோ, ஒரு நிமிஷம்" என்பார். அந்த ஒரு நிமிஷத்தில்தான் எண்ணம் நழுவுகிறது. பெட்டியருகே வைத்து, விழுங்கிய பிறகே அணைக்கச் சொல்லுங்கள்.

முதியவர்களிடம் எதிர்ப்பக்கத் தவறையும் பார்க்கிறோம்: போட்டதை மறந்து மறுபடி போடுவது. ஏழு நாள் அறையுள்ள பெட்டியில் காலியான அறையே சாட்சி. அப்போதும் சந்தேகம் என்றால் இன்னொன்று போடாமல் மருத்துவரைக் கேளுங்கள்.

மனச்சிதைவு மருந்துகளால் வரும் கை நடுக்கம், விறைப்புக்குத் தரும் டிரைஹெக்ஸிஃபெனிடில் மாத்திரையும் ஞாபகத்தை மந்தமாக்கும். நீங்களாக நிறுத்த வேண்டாம், "இது இன்னும் தேவையா?" என்று அடுத்த முறை மருத்துவரிடம் கேளுங்கள். கேட்க மறக்காதிருக்க, மருந்துச் சீட்டின் மேலேயே எழுதிவையுங்கள்.