ஜன்னலோர நோடுக்கு ரவுட்டர் ரோல் எதற்கு?

வணக்கம் மக்களே! மொட்டை மாடியில் இருந்து பேசுகிறேன், காற்றுச் சத்தம் கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு ஒரு கோபம், ஒரு சந்தோஷம். கோபத்தை முதலில் கொட்டிவிடுகிறேன்.

தாம்பரம் வீட்டில் இருக்கும் என் மெஷ்டாஸ்டிக் நோடு, அதாவது ரேடியோ வழியாக மெசேஜ் அனுப்பும் வலையில் ஒரு குட்டிக் கருவி, உங்களுக்குத் தெரியும். ஹெல்டெக் வி3 போர்டு, குறைந்த மின்சக்தியில் வெகுதூரம் பேசும் லோரா ரேடியோ. டவர் வேண்டாம், சிம் வேண்டாம், ஒரு நோடு கேட்டதை அடுத்த நோடு திருப்பிச் சொல்லும், அவ்வளவுதான். கிண்டி நண்பனுக்கு பல்லாவரம் மொட்டை மாடி நோடு வழியாக மெசேஜ் ஜம்மென்று போய்க்கொண்டிருந்தது. திடீரென்று நின்றுவிட்டது! தேடிப் பார்த்தால், குரோம்பேட்டையில் புதிதாக ஒரு நோடு. முதல் மாடி, ஜன்னல் ஓரம். ரோல், அதாவது வலையில் அந்த நோடுக்குக் கொடுத்திருக்கும் வேலை, என்ன தெரியுமா? ரவுட்டர்!

இதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். மெஷ்டாஸ்டிக் சும்மா கண்மூடித்தனமாக எல்லாவற்றையும் பரப்பாது. ஒரு பாக்கெட், அதாவது மெசேஜைச் சுமக்கும் பொட்டலம், காதில் விழுந்ததும் நோடு கொஞ்சம் காத்திருக்கும். சிக்னல் பலவீனமாக வந்தால், அனுப்பியவர் தூரத்தில் இருக்கிறார் என்று கணக்கு, அந்த நோடு சீக்கிரம் திருப்பி அனுப்பும். பக்கத்தில் இருப்பது பொறுமையாக இருக்கும். அதற்குள் வேறொருவர் அனுப்பிவிட்டால், இது வாயை மூடிக்கொள்ளும். அருமையான ஏற்பாடு. ஆனால் ரவுட்டர் ரோல் இருக்கிறதே, அது எல்லாரையும் முந்திக்கொண்டு பேசும். குரோம்பேட்டை ஜன்னல் முந்திக்கொண்டது, அதைக் கேட்ட பல்லாவரம் "சரி, வேலை முடிந்தது" என்று நிறுத்திக்கொண்டது. ஜன்னலின் சத்தம் கிண்டிக்கு எட்டாது. மெசேஜ் அங்கேயே செத்துப்போச்சு. மலை உச்சி, உயரமான டவர் மாதிரி இடத்துக்கான ரோல் அது. வீட்டுக்குள் வைத்தால் மொத்த ஏரியாவுக்கும் கேடு.

இன்னொரு கூட்டம், மெசேஜ் போகவில்லை என்றதும் ஹாப் எண்ணிக்கையை, அதாவது ஒரு மெசேஜ் எத்தனை முறை நோடுவிட்டு நோடு தாவலாம் என்ற வரம்பை, 3-இல் இருந்து 7-க்கு ஏற்றிவிடும். எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத பழக்கம். மெஷ்டாஸ்டிக்கில் வழக்கமாக இருக்கும் லாங் ஃபாஸ்ட் ரேடியோ செட்டிங்கில் மொத்த வேகமே நொடிக்கு சுமார் 1 கிலோபிட்தான். கல்யாணப் பந்தியில் எல்லாரும் ஒரே நேரத்தில் "சாம்பார்" என்று கத்தினால் யாருக்குப் பரிமாறுவது? இதற்கு 'பிராட்காஸ்ட் ஸ்டார்ம்' என்று பெயர் வைத்து 1999-லேயே ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிவிட்டார்கள்.

ஆங், ஆன்டெனா கதையைச் சொல்லாமல் தாண்டிவிட்டேனே! குரோம்பேட்டை விஷயம் தெரிவதற்கு முன்னால், என் பக்கம்தான் ரேஞ்ச் பத்தவில்லையோ என்று புது ஆன்டெனா வாங்கினேன். நம் ஊருக்கு 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ், லைசென்ஸ் வேண்டாத பேண்ட், அதற்குப் பொருந்துகிற மாதிரி பார்த்து 450 ரூபாய். கடைக்காரர் எஸ்எம்ஏ என்ற திருகு கனெக்டர் என்று போட்டுவிட்டு, நடுப் பின்னும் ஓட்டையும் இடம் மாறிய ஆர்பி-எஸ்எம்ஏ அனுப்பியிருக்கிறார். மரை அழகாக ஏறுகிறது. ஆனால் உள்ளே பார்த்தால் நடுப் பின் இல்லை, இந்தப் பக்கமும் ஓட்டை, அந்தப் பக்கமும் ஓட்டை. இப்படியே ஆன் செய்தால் ஆன்டெனா இல்லாமல் டிரான்ஸ்மிட் செய்கிற மாதிரி, ரேடியோ சிப்பே போய்விடலாம். மாற்றித் தரச் சொன்னால், "கன்வெர்ட்டர் வாங்கிக்கோங்க" என்று பதில். கன்வெர்ட்டர் 120, கொரியர் 80. இருநூறு ரூபாய், ஒரு குட்டிப் பின்னுக்காக! வாங்கும்போது நடுப் பின்னைக் காட்டும் போட்டோ கேளுங்கள், கேட்காமல் காசு போடாதீர்கள்.

இப்போது சந்தோஷம். குரோம்பேட்டைக்காரருக்கு மெசேஜ் போட்டேன், தங்கமான மனிதர், உடனே முந்திக்கொள்ளாத சாதாரண ரோலான கிளையன்ட்டுக்கு மாற்றிவிட்டார். கூடவே நாங்கள் எல்லாரும் ஃபர்ம்வேரை, அதாவது நோடுக்குள் ஓடும் மென்பொருளை, 2.6-க்கு மேல் ஏற்றினோம். 2025-இல் வந்த 2.6-இல்தான் நேரடி மெசேஜுக்கு 'நெக்ஸ்ட் ஹாப்' வந்தது. முதல் மெசேஜ் பழையபடி ஊர் முழுக்கப் பரவும். பதில் எந்த நோடு வழியாக வந்தது என்று பார்த்து வைத்துக்கொள்ளும். அடுத்த மெசேஜில் அந்த நோடின் அடையாளத்தில் கடைசி ஒரு பைட்டை மட்டும் எழுதி அனுப்பும், அந்த நோடு மட்டும் கடத்தும். அது கிடைக்கவில்லை என்றால் கடைசி முயற்சியில் மறுபடி பரப்பும்.

தேவைப்படும்போது மட்டும் வழி கேட்டுப் பரப்பி, பதில் வந்த பாதையை நினைவில் வைப்பது புது யோசனை இல்லை. 2003 ஜூலையில் ஆர்எஃப்சி 3561 என்ற இணைய ஆவணமாக வந்த ஏஓடிவி என்ற வழி தேடும் முறையிலேயே இது இருக்கிறது. அதே வருஷம் வந்த ஓஎல்எஸ்ஆர் என்ற இன்னொரு முறை நேரெதிர், எல்லாருடைய வழியையும் முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருக்கும். நோடுகள் நகர நகர அந்தக் கணக்கைப் புதுப்பிக்கவே காற்றில் நிறைய பேச வேண்டும். 1 கிலோபிட்டில் அதெல்லாம் கட்டுப்படியாகாது. அதனால் மெஷ்டாஸ்டிக் போன வழி சரி என்பதுதான் என் கட்சி.

மெசேஜ் எந்தெந்த நோடு வழியாகப் போகிறது என்று காட்டும் டிரேஸ்ரூட் போட்டேன் மக்களே, இதோ ஸ்கிரீனில் பாருங்கள். தாம்பரம், பல்லாவரம், கிண்டி. இரைச்சலோடு ஒப்பிட்டால் சிக்னல் மைனஸ் 11 டிபி, அதாவது இரைச்சலுக்கும் கீழே, அப்படியும் மெசேஜ் முழுசாகப் போயிருக்கிறது! 2015 டிசம்பர் வெள்ளத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டி, கரண்டும் போன் சிக்னலும் போய் நின்றதைப் பார்த்தவன் நான். அதனால்தான் இந்த மூன்று பெயரும் வரிசையாக வந்ததும் அப்படி ஒரு கத்து கத்தினேன்.

உங்கள் ஆப்பில் செட்டிங்ஸ், டிவைஸ், ரோல் போய்ப் பாருங்கள். வீட்டு நோடு என்றால் கிளையன்ட். ஒரே வீட்டில் இரண்டு மூன்று வைத்திருந்தால் ஒன்று மட்டும் கிளையன்ட், மற்றதெல்லாம் அடுத்தவர் மெசேஜைத் திருப்பி அனுப்பாத கிளையன்ட் மியூட். அப்புறம், பல்லாவரம் நோடுக்குப் பக்கத்தில் சோலார் பேனல் மாட்டுகிற வேலை பாக்கி இருக்கிறது, அது அடுத்த வீடியோவில்.