கோப்பு திறக்காத வழக்குகள்

நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் அறிஞர் பெருமக்களே, சாப்பாட்டு நேரம் தாண்டியும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் நல்ல உள்ளங்களே, வணக்கம்.

அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கு நடந்த அநீதியை நம் நெஞ்சில் ஆழமாகத் தைப்பது வரலாற்று நூலா, துப்பறியும் கதையா? இதுதான் கேள்வி. வரலாற்று நூல்தான் என்று எதிரணித் தலைவர், பேராசிரியர் அம்மா, அடித்துப் பேசினார். "மாண்ட்கமரி நகரில் 2018-இல் ஒரு நினைவிடம் திறந்தார்கள். அதை அமைத்தவர்கள் 1877 முதல் 1950 வரை நடந்த 4,400-க்கும் மேற்பட்ட கும்பல் கொலைகளைப் பதிவு செய்திருக்கிறார்கள். இதற்கு மேல் கதை எதற்கு?" என்று கேட்டார். அரங்கம் கைதட்டியது. நானும்தான் தட்டினேன், மறைக்கவில்லை.

எண் மறந்துபோகும், மனிதன் மறக்கமாட்டான் என்று நான் பதில் சொல்வேன் என எதிர்பார்க்கிறீர்கள். சொல்லப்போவதில்லை. அது எல்லா மேடையிலும் சொல்லித் தேய்ந்த வாதம். என் கேள்வி வேறு.

துப்பறிகிறவனுடைய வேலை என்ன ஐயா? தெரியாத தெருவுக்குப் போகணும். தெரியாத வீட்டுக் கதவைத் தட்டணும். முன்பின் தெரியாத பெண்ணிடம் பேசணும். ராத்திரியில் ஓரிடத்தில் தனியாக நிற்கணும். எல்லாவற்றுக்கும் மேலே, கேள்வி கேட்கணும். 1948-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஒரு கறுப்பர் எதையெல்லாம் செய்தால் வம்பில் மாட்டுவாரோ அந்தப் பட்டியலை எழுதிப் பாருங்கள். இதே ஐந்துதான் வரும்! அந்த வேலைக்கு அந்த ஆளை ஓர் எழுத்தாளர் நியமித்துவிட்டால் போதும், அநீதியைப் பற்றித் தனியாக ஒரு பத்தி எழுத வேண்டியதில்லை. கதவு தட்டும் ஒவ்வொரு பக்கத்திலும் அது தானாக வந்து நிற்கும்.

வால்ட்டர் மோஸ்லி என்ற எழுத்தாளர் இதைத்தான் செய்தார். 1990-இல் வந்த அவருடைய முதல் துப்பறியும் நாவல், 'டெவில் இன் எ ப்ளூ டிரெஸ்'. கதை நடப்பது 1948-இல். நாயகன் ஈசி ராலின்ஸ், டெக்சாஸின் ஹூஸ்டனிலிருந்து பிழைப்புக்காக மேற்கே வந்தவன். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் சண்டை போட்டவன். விமானத் தொழிற்சாலை வேலை பறிபோய்விட்டது. வீட்டுக் கடன் தவணை தலைக்கு மேல் நிற்கிறது. இறைச்சிக் கிடங்குக்கு மேலே இருக்கிற ஒரு சின்ன மதுக்கடையில் உட்கார்ந்திருக்கிறான். வெளிர்நிறக் கோட்டு சூட்டோடு ஒரு வெள்ளைக்காரர் உள்ளே வருகிறார். காணாமல்போன ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும், அவள் போகிற இடங்களெல்லாம் கறுப்பர்களின் கேளிக்கை விடுதிகள், அங்கே எனக்கு நுழைவு கிடையாது, உனக்கு உண்டு என்கிறார். துப்பறிவாளனின் தகுதி என்னவென்று பார்த்தீர்களா? மூளை இல்லை, உரிமம் இல்லை, தோல்!

நாவலில் ஒரு காட்சி. சாண்டா மோனிகா கடற்பாலம், இரவு. தன்னை வேலைக்கு வைத்தவருக்காக ராலின்ஸ் அங்கே காத்து நிற்கிறான். அவன் யாரையும் தொடவில்லை, யாரையும் பார்க்கக்கூட இல்லை. அயோவா மாநிலத்திலிருந்து ஊர் பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரச் சிறுபெண், தானாக வந்து பேச்சுக் கொடுக்கிறாள். நல்ல பிள்ளை, சூதுவாது தெரியாது. அவள் ஒவ்வொரு வார்த்தை பேசும்போதும் நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. "போம்மா, போய்த் தொலை" என்று புத்தகத்தைப் பார்த்துச் சொல்லத் தோன்றுகிறது. அவளோடு வந்த பையன்கள் வந்து சூழ்ந்துகொள்கிறார்கள். அன்றைக்கு அவனைக் காப்பாற்றியது சட்டமா? இல்லை. போலீசா? இல்லை. அவனுக்குக் கூலி கொடுக்கும் அந்த வெள்ளைக்காரர் கையிலிருந்த துப்பாக்கி. காப்பாற்றியவர்மீதே நமக்குப் பயம் வந்துவிடுகிறது. வரலாற்று நூல் இதே விஷயத்தை, 'கலிபோர்னியாவில் சட்டத்தில் பெரும்பாலும் இல்லாவிட்டாலும் வழக்கத்தில் நிறப் பாகுபாடு இருந்தது' என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போகும். அந்த வாக்கியம் சரியானதுதான், தப்பே சொல்லமாட்டேன். ஆனால் அதைப் படிக்கும்போது யாருக்காவது வயிறு கலங்கியதா?

அடுத்து போலீஸ். நாம் படித்து வளர்ந்த துப்பறிவாளர்களை நினைத்துப் பாருங்கள். சங்கர்லால் வந்தால் அதிகாரி எழுந்து நிற்பார், தேநீர் வரும். கணேஷும் வசந்தும் கோர்ட்டில் கறுப்பு கவுன் போட்டு நிமிர்ந்து நிற்கிற ஆட்கள். துப்பறியும் கதை என்றாலே, கடைசியில் குற்றவாளியைப் பிடித்துப் போலீசிடம் ஒப்படைப்பதுதானே வழக்கம்? ராலின்ஸ் கதையில் போலீஸ் முதல் பாதியிலேயே வருகிறது, அவனைத் தூக்கிக்கொண்டு போக. விசாரணை அறையில் அடி. பிறகு நடுராத்திரியில் கதவைத் திறந்து, போ என்று விட்டுவிடுகிறார்கள். எதற்குப் பிடித்தார்கள், எதற்கு விட்டார்கள், ஒரு விளக்கமும் கிடையாது. அந்த நேரத்தில், அந்த நகரத்தில், ஒரு கறுப்பர் காலால் நடந்து போய்ச் சேர வேண்டும். அடியைவிட அந்த நடைதான் எனக்குப் பெரிய தண்டனையாகத் தெரிந்தது.

எதிரணித் தம்பி, வழக்கறிஞர், ஒரு தீர்ப்பை எடுத்துக்காட்டினார். 1948 மே மாதம், ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கு. வீட்டுப் பத்திரங்களில் 'இந்தச் சொத்தை வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கவோ குடிவைக்கவோ கூடாது' என்று எழுதியிருந்த ஷரத்துகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றிக் கொடுக்கக்கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்பு. தம்பி அதோடு நிறுத்திக்கொண்டார். நான் துப்பறியும் கதை படிக்கிறவன், என்னால் அப்படி நிறுத்த முடியவில்லை. நீதிபதிகள் 9 பேர். அந்த வழக்கில் உட்கார்ந்தவர்கள் 6 பேர். மீதி 3 பேர் விலகிக்கொண்டார்கள், காரணம் சொல்லவில்லை. அவர்கள் சொந்த வீட்டுப் பத்திரத்திலேயே அதே ஷரத்து இருந்திருக்கும் என்று அன்றிலிருந்து இன்றுவரை பேச்சு. இன்னொன்றும் கேளுங்கள். அந்த மாதிரிப் பத்திரங்கள் பலவற்றில் ஒரு விதிவிலக்கும் உண்டு: வீட்டு வேலைக்காரர்களாக இருந்தால் கறுப்பர்கள் அங்கே தங்கலாம். சமைக்கலாம், பிள்ளையைத் தூங்கவைக்கலாம், வீட்டுக்காரராக மட்டும் ஆகிவிடக்கூடாது!

அதே 1948-இல்தான் நம்ம ராலின்ஸ் ஒரு சின்ன வீட்டையும் தோட்டத்தையும் வைத்துக்கொண்டு, அதைக் காப்பாற்ற உயிரைப் பணயம் வைக்கிறான். அந்த வீட்டை அவன் காதலியைப்போல நேசிக்கிறான். வாசகர் சிலர், 'அட, ஒரு தவணைப் பணத்துக்காகவா இவ்வளவு ஆபத்தில் இறங்குவான்' என்று கேட்கிறார்கள். அந்தப் பத்திரங்களைப் படித்துவிட்டுக் கேளுங்கள் ஐயா. அப்போது கேட்கமாட்டீர்கள்.

சரி, முக்கியமான வாதத்துக்கு வருகிறேன். "நிஜம் இருக்கும்போது கற்பனை எதற்கு? ஆவணம் பொய் சொல்லாது" என்றார் பேராசிரியர் அம்மா. 'எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்' என்று குறளையும் சொன்னார். அம்மா, அந்தக் குறளை அப்படியே எங்கள் பக்கம் வாங்கிக்கொள்கிறேன். ஆவணத்தின் வாய் யாருடைய வாய்? கும்பல் கொலை நடந்த ஊர்களில் பிண விசாரணை நடத்தி எழுதிவைத்த வாசகம் என்ன தெரியுமா? 'அடையாளம் தெரியாத நபர்களால்' மரணம். ஊர் கூடிப் பார்த்திருக்கிறது. தொங்கும் உடலுக்குக் கீழே நின்று, முகம் தெளிவாகத் தெரிய, போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் போட்டோவைத் தபால் அட்டையாக அச்சடித்து உறவுக்காரர்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். கோப்பில் மட்டும் அடையாளம் தெரியவில்லை! குற்றம் செய்தவனின் மைத்துனன் கோப்பு எழுதுகிற ஊரில், ஆவணம் என்பது குற்றத்தின் கடைசிப் பகுதி.

அப்படியானால் பேராசிரியர் அம்மா சொன்ன அந்த 4,400 எங்கிருந்து வந்தது? யாரோ போய்க் கதவைத் தட்டியதால் வந்தது. 1892-இல் மெம்ஃபிஸ் நகரில் தன் நண்பர்கள் மூன்று பேரைக் கும்பல் கொன்றபோது, ஐடா பி. வெல்ஸ் என்ற பத்திரிகையாளர், கொலைக்குச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாக விசாரிக்கத் தொடங்கினார். அவருடைய பத்திரிகை அலுவலகத்தை அடித்து நொறுக்கினார்கள். வால்ட்டர் வைட் என்று ஒருவர். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய அமைப்பைச் சேர்ந்தவர், ஆனால் பார்வைக்கு நீலக் கண்ணும் வெளுத்த முடியுமாக வெள்ளைக்காரர் மாதிரியே இருப்பார். அந்தத் தோற்றத்தை வைத்துக்கொண்டே கொலைகாரர்களின் ஊருக்குள் போய், அவர்கள் வாயாலேயே பேசவைப்பார். 1919-இல் ஆர்கன்சாவில் நடந்த படுகொலையை விசாரிக்கப் போனபோது விஷயம் வெளியே கசிந்துவிட்டது. தப்பித்து ரயிலில் ஏறுகிறார். நடத்துநர் அவரிடமே சொல்கிறார்: 'அடடா, இப்போது போய்க் கிளம்புகிறீர்களே, வெள்ளைக்காரன் மாதிரி வேஷம் போட்ட ஒரு கறுப்பனை இங்கே பிடிக்கப் போகிறார்கள், வேடிக்கையைப் பார்க்காமல் போகிறீர்களே' என்று. 1955-இல் எம்மெட் டில் என்ற 14 வயதுச் சிறுவனை மிசிசிப்பியில் கொன்றார்கள். சாட்சி தேடி, அதே அமைப்பைச் சேர்ந்த மெட்கர் எவர்ஸும் ரூபி ஹர்லியும் பருத்திக் காட்டுக் கூலிகள்போல உடுத்திக்கொண்டு தோட்டம் தோட்டமாக அலைந்தார்கள்.

இவர்களெல்லாம் யார்? துப்பறிவாளர்கள்தானே! வரலாற்று நூலுக்கு எதிராகக் கதையை நிறுத்துகிறீர்கள். நான் சொல்கிறேன், இந்த மக்களின் வரலாறே துப்பறிந்து கிடைத்த வரலாறு. அதைச் சொல்வதற்குத் துப்பறியும் கதையைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை. சாட்சி சொல்ல ஆள் இருந்தும் கோப்பே திறக்காமல் போன வழக்குகள் எத்தனையோ. அந்த வீடுகளுக்கு வரலாற்றாசிரியர் எதை எடுத்துக்கொண்டு போவார்? அடிக்குறிப்புப் போட அவருக்கு ஒரு காகிதமாவது வேண்டும். காகிதம் இல்லாத வீட்டுக்குள் கதைக்காரர் போவார். மோஸ்லி அப்படித்தான் போனார். அவருடைய அப்பா லூசியானாவிலிருந்து வந்தவர், போருக்குப் போய்த் திரும்பியவர், லாஸ் ஏஞ்சலஸில் பள்ளிக்கூடப் பராமரிப்பு வேலை பார்த்தவர். பின்னால் வந்த நாவல்களில் ராலின்ஸுக்கும் அதே வேலை. அந்தத் தலைமுறை வீட்டுத் திண்ணையில் பேசியதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை எழுதிய கதை இது.

கடைசியாக எதிரணி ஒரு நல்ல கேள்வி கேட்டது, அதற்குப் பதில் சொல்லாமல் போகக்கூடாது. "கொலைகாரன் அகப்பட்டதும் வாசகன் நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிடுவான், இதில் அநீதி எங்கே பதிகிறது?" என்று. சாதாரணத் துப்பறியும் கதைக்கு அது பொருந்தும். ராலின்ஸுக்குப் பொருந்தாது. நாவலின் முடிச்சை நான் அவிழ்க்கமாட்டேன், படிக்காதவர்கள் அடிக்க வருவார்கள். இவ்வளவு மட்டும் சொல்லலாம். அவன் உண்மையைக் கண்டுபிடித்துவிடுகிறான். ஆனால் ஒரு பணக்கார வெள்ளைக்காரர் பக்கத்தில் நின்று பேசினால்தான் போலீஸ் அவனை விடும். அதிலும் எவ்வளவு உண்மையைச் சொல்வது, எவ்வளவை விழுங்குவது என்று அவன் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. டில் வழக்கில் நடந்தது என்ன? முழுக்க வெள்ளை ஆண்களே இருந்த ஜூரி சுமார் ஒரு மணி நேரத்தில் குற்றவாளிகளை விடுவித்தது. சில மாதம் கழித்து, 1956 ஜனவரியில், அந்த இருவரும் பணம் வாங்கிக்கொண்டு ஒரு பத்திரிகைக்கு, 'ஆமாம், நாங்கள்தான் கொன்றோம்' என்று பேட்டி கொடுத்தார்கள். ஒரே குற்றத்துக்கு இரண்டாம் முறை விசாரிக்கக்கூடாது என்பது அந்த நாட்டுச் சட்டம். கொலைகாரன் யாரென்று ஊருக்கே தெரிந்தும் கதை முடியாத நாடு அது. அதனால்தான் இந்த நாவல்களிலும் முடிவு நிம்மதி தருவதில்லை.

நடுவர் மணியடிக்கக் கையை எடுக்கிறார், இதோ முடித்துவிடுகிறேன்.

1965 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதி ஆறு நாள் எரிந்தது. 34 பேர் செத்தார்கள், பெரும்பாலும் கறுப்பர்கள். அரசு அமைத்த மக்கோன் ஆணையம் அந்த ஆண்டு முடிவதற்குள் அறிக்கை கொடுத்துவிட்டது. எதிரணி அதை மேற்கோள் காட்டட்டும், தாராளமாக. அதே கலவரம் ஓய்ந்த நாட்களில் நடக்கும் மோஸ்லி நாவல் ஒன்று, 2004-இல் வந்தது. ஒரு கறுப்பினப் பெண் கொல்லப்பட்டிருக்கிறாள். அந்தத் தெருவுக்குள் போக வெள்ளைப் போலீசுக்குத் துணிவில்லை. முன்பு எந்த ராலின்ஸை அடித்தார்களோ அதே ராலின்ஸிடம் வந்து உதவி கேட்கிறார்கள். கையில் ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கிறார்கள், இவர் எங்கள் வேலையாகப் போகிறார், விடுங்கள் என்று. வழியில் போலீஸ் நிறுத்துகிறது. கைகளைத் தூக்கு, திரும்பு, சுவரைப் பார்த்து நில். அந்தக் கடிதத்தை எடுக்கச் சட்டைப்பைக்குள் கை விட்டாலே சுட்டுவிடுவார்களோ என்ற நிலை.

எனக்கு அடுத்துப் பேச வரும் தம்பிக்கு ஒரு வேண்டுகோள். அந்த நேரத்தில் அவன் கை எந்த வேகத்தில் பைக்குள் போக வேண்டும் என்று எந்த ஆணைய அறிக்கையில் இருக்கிறது? பக்க எண்ணோடு சொல்லுங்கள், நான் இந்த அணியை விட்டு உங்கள் பக்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறேன். நன்றி, வணக்கம்.