நந்தி மலையடிவாரத்தில் ஒரு பகல்: திராட்சைத் தோட்டமும் ஒயின் ருசியும்

நேயர்களுக்கு வணக்கம்.

கிருஷ்ணகிரியிலிருந்து நந்தி மலையடிவாரத்துத் தொட்டபள்ளாபூர் பக்கம் ஏறக்குறைய 130 கிலோமீட்டர். தர்மபுரிக்காரர்கள் இன்னும் 45 கூட்டிக்கொள்ளுங்கள். 1988-இல் கன்வல் குரோவர் தொடங்கிய ஒயின் ஆலை அங்கேதான் இருக்கிறது. காலை ஆறரைக்குப் புறப்பட்டு, ஓசூரில் இட்லியோ பொங்கலோ வயிறாரச் சாப்பிட்டுவிடுங்கள். அத்திப்பள்ளி தாண்டியதும் பெங்களூருக்குள் நுழையாமல் சர்ஜாபூர், ஹொசகோட்டை, தேவனஹள்ளி என்று சுற்றிப் போனால் நகர நெரிசல் மிச்சம். தோட்டம் பார்க்க முன்பதிவு வேண்டும். சனி, ஞாயிறு என்றால் கட்டாயம் வேண்டும்.

எப்போது போவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். அந்தப் பக்கம் கொடிக்கு ஆண்டுக்கு இரண்டு கவாத்து, மகசூல் ஒன்றுதான். ஏப்ரலில் கிளை வளர்வதற்கு ஒரு வெட்டு. செப்டம்பர், அக்டோபரில் காய்ப்புக்கு ஒரு வெட்டு. மே மாத விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் வெட்டிய கட்டையும் துளிரும்தான் கண்ணில் படும். குலை பார்க்க வேண்டுமா? ஜனவரிக் கடைசி முதல் மார்ச் நடுப்பகுதி வரை போங்கள். அறுவடையும் அப்போதுதான்.

தோட்டத்தில் காவலர் அனுமதித்தால், சிவப்பு ஒயினுக்கான ஷிராஸ் வகைத் திராட்சைக் குலையில் ஒரே ஒரு பழம் பறித்துப் பாருங்கள். கம்பம் பன்னீர் திராட்சையைப் பார்த்த கண்ணுக்கு இது சுண்டைக்காய் மாதிரி இருக்கும். சிறுசு, தோல் தடிப்பு, உள்ளே விதை. விரலால் நசுக்கினால் தோல் கருப்பு, வடியும் சாறோ வெளிறித்தான் இருக்கும். சிவப்பு ஒயினுக்கு நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்து இறங்குகின்றன. அதனால்தான் சிவப்பைத் தோலோடு நொதிக்க வைக்கிறார்கள். வெள்ளை ஒயினுக்கு முதலிலேயே பிழிந்து தோலை ஒதுக்கிவிட்டு, சாற்றை மட்டும் குளிரூட்டிய எஃகுத் தொட்டியில் விடுகிறார்கள்.

இப்போது அந்த விதையைக் கடியுங்கள். பழுப்பாக, வறுத்த கடலை போல மொறுக்கென்று உடைந்தால் பழுத்துவிட்டது. பச்சையாக, நாக்கைப் பிடிக்கும் கசப்பாக இருந்தால் இன்னும் நாள் இருக்கிறது. சர்க்கரை அளவை மீட்டர் சொல்லிவிடும், 22 முதல் 24 பிரிக்ஸ் (சாற்றின் சர்க்கரையை அளக்கும் அலகு) வந்தால் போதும். விதையின் பக்குவத்தைப் பல்தான் சொல்லும். சர்க்கரை ஏறி விதை பச்சையாக இருக்கும்போது அறுத்துவிட்டால் அந்தக் கசப்பு பாட்டில் வரை வந்துவிடும்.

ருசி பார்க்கும் மேசைக்கு வருவோம். பெண்கள் மல்லிகைச் சரத்தையும் ஆண்கள் சென்ட்டையும் அன்றைக்கு மட்டும் தள்ளி வையுங்கள். பக்கத்தில் மல்லிகை மணந்தால் கிண்ணத்து மணம் எடுபடாது. வெற்றிலை, புதினா மிட்டாய், ஃபில்டர் காபி மூன்றும் அரை மணி நேரத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். கிண்ணத்தைத் தண்டில் பிடியுங்கள், உள்ளங்கைச் சூடு ஏறக்கூடாது. வெள்ளைக் காகிதத்தின் மேல் சாய்த்து நிறம் பாருங்கள். ஒரு சுழற்று, ஒரு முகர்வு, அப்புறம் ஒரு வாய். வெள்ளை முதலில், சிவப்பு கடைசியில். துவர்ப்பு ஏறிய நாக்குக்கு வெள்ளை தண்ணீராகத் தெரியும். துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருப்பார்கள், கூச்சப்படாமல் துப்பலாம். ஒயின் தொழிலில் இருப்பவர்களும் துப்பத்தான் செய்கிறார்கள்.

‘திராட்சைச் சாறுதானே’ என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. ருசி பார்க்க ஊற்றித் தரும் சிறு அளவுகள் நாலு சேர்ந்தால் சுமார் 150 மில்லி. 12 சதவீத ஒயினில் அது ஏறக்குறைய 45 மில்லி பிராந்திக்குச் சமம், அதாவது குவார்ட்டரில் கால் பங்கு. நாக்குக்கு லேசாகத் தெரியும், ரத்தத்துக்குத் தெரியாதா?

மதியச் சாப்பாட்டில் காரத்தைக் குறையுங்கள். மிளகாய்க் காரமும் சிவப்பு ஒயினின் துவர்ப்பும் சேர்ந்தால் வாய் எரியும், ருசி இரண்டுமே போய்விடும். எலுமிச்சை ஊறுகாயோடு சிவப்பு ஒயின் என்பது காசைக் கொட்டிக் கெடுக்கும் வேலை. கொஞ்சம் இனிப்பு மிச்சமிருக்கும் செனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் என்றால் நம் மசாலாவைத் தாங்கும். காரம் குறைத்து வேகவைத்த ஆட்டுக்கறிக்கு ஷிராஸ் பொருந்தும். சிவப்பை 16 முதல் 18 டிகிரியில் பரிமாறச் சொல்லுங்கள். ‘அறை வெப்பம்’ என்பது குளிர்நாட்டுப் பேச்சு. நம் மார்ச் மாத அறையில் வைத்தால் சாராய நெடிதான் முன்னால் நிற்கும்.

பாட்டில் வாங்கி வர ஆசைப்படுவார்கள். அனுமதி இல்லாமல் வெளிமாநில மது எல்லை தாண்டினால் 1937-ஆம் ஆண்டு தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் குறுக்கே நிற்கும். ஆகவே ருசியை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

வண்டி ஓட்டுபவர் ஒரு வாய்கூடத் தொடக்கூடாது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவு. முதல் முறையே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். யார் ஓட்டுவது என்பதை வீட்டிலிருந்து புறப்படும்போதே பேசி முடித்துவிடுங்கள். அவருக்கு அங்கேயே புதிதாகப் பிழிந்த திராட்சைச் சாறு கிடைக்கிறதா என்று முன்பதிவு செய்யும்போதே கேட்டு வையுங்கள்.

வணக்கம்.